சிவப்புப் புள்ளி நின்ற வீடு

இசக்கிச்செல்விக்கு வாய் நீளம் என்று லேபில் எல்லோருக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும். குறைத்துக்கொள்ள வேண்டும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. அப்பேர்ப்பட்டவள் மாதக்கணக்கில் வாயைப் பொத்திக்கொண்டு திரிந்தாள் என்றால் காரணம் இல்லாமலா? காரணம் வயிற்றில் இருந்தது. போன வருஷம் ஒன்று தங்காமல் போயிற்று. அதனால் இந்தத் தடவை மாமியார் பாலம்மாள் கறாராகச் சொல்லிவிட்டாள்.

"அஞ்சாம் மாசம் பொறக்கிற வரைக்கும் ஒரு ஈ காக்காவுக்குத் தெரியக் கூடாது. யாரும் கேட்டா வாயுத் தொல்லைன்னு சொல்லு. ஊர்க்கண்ணு லேசுப்பட்டதில்ல, பாத்துக்க."

கண்ணேறில் இசக்கிக்குப் பாதி நம்பிக்கைதான். லேபின் மேல்தான் முழுப் பயம். மருதவல்லி லேபுக்குப் பாபநாசத்திலிருந்து ஸ்ரீவைகுண்டம் வரை ஆற்றோரம் பூராவும் கிளைகள். வீடு வீடாகப் போய் ரத்தமும் சிறுநீரும் வாங்கிவர நூற்றுக்கணக்கில் ஆட்கள், அதில் பாதிக்குமேல் பெண்கள். அத்தனை பேருக்கும் பெயர் பயிற்சியாளர். இரண்டு வருஷம் ஓடாய்த் தேய்ந்தால் நிரந்தர ஆணை கொடுப்பார்கள். இசக்கிக்கு அடுத்த மாதம் ஆணை வர வேண்டும். அதற்குள் எவளாவது உண்டாகியிருக்கிறாள் என்று காதில் விழுந்துவிட்டால் முதலாளி ஐயம்பெருமாள் அண்ணாச்சி அவளைக் கூப்பிடுவார், கையில் இரண்டு மாதுளம்பழத்தைக் கொடுப்பார், "ரெஸ்ட் எடும்மா" என்பார். மனுஷர் ஒருத்தியையும் வேலையை விட்டு நிறுத்தியதே இல்லை. ரெஸ்ட்தான் கொடுப்பார். அந்த ரெஸ்டிலிருந்து இதுவரை ஒருத்தியும் திரும்பி வந்ததில்லை.

ஆக, ஆணை கைக்கு வரும்வரை வயிற்றை மறைக்க வேண்டும். வயிறு இன்னும் தெரியவில்லை, துப்பட்டாவைக் கொஞ்சம் தாராளமாகப் போட்டால் போதும். மறைக்க முடியாதது வேறொன்று. அடிக்கடி ஒண்ணுக்கு வந்தது.

அவளுக்கு விடிந்தால் டவுண் ரத வீதிகள், வெயில் ஏறினால் பேட்டை, அப்புறம் சுத்தமல்லி வரை வண்டி. ஸ்கூட்டியில் ஒரு ஐஸ் பெட்டி. ஊரார் மூத்திரத்தைப் பெட்டியில் வைத்துச் சுமக்கிறவளுக்குத் தன்னுடையதை இறக்கி வைக்க ஓர் இடம் கிடையாது. கூட வேலை பார்க்கிற ஆண்களுக்கு என்ன? சுவர் இருக்கிறது, வாய்க்கால் இருக்கிறது, வெட்கம் மட்டும்தான் இல்லை. பொதுக் கழிப்பிடம் என்று எழுதியிருக்கிற இடத்துப் பக்கம் போனால் குடல் வெளியே வந்துவிடும். ரத்தம் எடுக்கப் போன வீட்டில் கேட்டாலோ, ஊசி குத்தும்போது சுளிக்காத முகத்தை அப்போது சுளிப்பார்கள். போன வருஷம் அடக்கி அடக்கித்தான் தொற்று வந்தது, தொற்று வந்துதான் பிள்ளை போயிற்று. "இனி அடக்கினேன்னு வந்து நிக்காத, இதுவும் போயிரும்" என்று டாக்டரம்மா முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார்.

அந்த நேரத்தில் வழி காட்டியவள் கூட வேலை பார்க்கிற அஸீலா. அவளுடைய பெரியம்மா ஹமீது பீவியின் வீடு பேட்டையில் இருந்தது. பின்பக்கம் தனி வாசல், முற்றத்திலேயே கழிவறை, தொட்டி நிறையத் தண்ணீர். முதல் நாள் இசக்கி தயங்கித் தயங்கிக் கேட்டபோது பீவி சிரித்தாள். "இதுக்கு ஏம்மா கேட்டுக்கிட்டு நிக்கே? கதவு தொறந்துதான் கெடக்கு, போ." ஒரு நாளைக்கு ஒரு தடவை என்று இருந்தது மூன்று, நாலு என்று ஆனதும் பீவி ஒன்றும் கேட்கவில்லை. எலுமிச்சம்பழச் சாற்றைக் கையில் கொடுத்து, வயிற்றை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அல்லாமேல ஆணை, நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றாள். அன்றைக்கு இசக்கிக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று.

இதில் மண்ணள்ளிப் போடவென்றே, அவள் நாளுக்கு ஒரு தடவை போய்வந்த நாட்களிலேயே, ஆட்களைக் கண்காணிக்கிற புது மேனேஜராகப் பெங்களூரிலிருந்து வந்து சேர்ந்திருந்தான் கணேஷ்ராம்.

வந்ததும் எல்லோருக்கும் கம்பெனி ஃபோன் கொடுத்தான். ஆரஞ்சு உறை போட்ட ஃபோன். அதில் லேப் வேலையைத் தவிர வேறெதுவும் ஓடாது. தச்சநல்லூர் தலைமை அலுவலகத்தில் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்துகொண்டு எந்த ஃபோனையும் பூட்டுவான், அழிப்பான், அலற வைப்பான். யார் எந்தத் தெருவில் நிற்கிறார்கள் என்று அவன் கம்ப்யூட்டரில் சிவப்புப் புள்ளியாகத் தெரியும். வாடிக்கையாளர் வீடு அல்லாத இடத்தில் கொஞ்ச நேரம் கூடுதலாக நின்றால் ஃபோன் ஆம்புலன்ஸ் மாதிரி ஊளையிடும். டீக்கடையில் நின்ற ஆண்பிள்ளைகளை அப்படி ஊளையிட வைத்து அவன் சிரித்ததைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். லேபில் எல்லோரும் அவனுக்கு மேப்பு என்று பேர் வைத்தார்கள்.

ஒருநாள் பீவி வீட்டுக் கழிவறைக்குள் இருக்கும்போதே இசக்கியின் ஃபோன் அலறியது. அலறல் தெருமுனை வரை கேட்டது. பீவி என்னமோ ஏதோ என்று விளக்குமாற்றோடு ஓடி வந்தாள். உள்ளே இசக்கிக்கு அதை அணைக்கத் தெரியவில்லை. அந்தச் சனியனை வாளித் தண்ணீருக்குள் முக்கிவிடலாமா என்றுகூடக் கை போயிற்று. நிம்மதியாக ஒண்ணுக்கு இருக்கக்கூட விடாத ஒருவனை என்ன சொல்லித் திட்டுவது என்று நீளவாய்க்காரிக்கே வார்த்தை வரவில்லை.

அதோடு விட்டானா? மறுநாள் அவனே பேட்டைக்குக் கிளம்பிப் போய் அந்த வீட்டு வாசலில் நின்றான். இசக்கி அடுத்த தடவை போனபோது பீவி அவளைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். முகத்தில் அப்படி ஒரு பெருமை.

"ஒங்க ஆபீஸ்ல இருந்து ஒரு தொரை வந்தான். இசக்கிச்செல்வி இங்கன வாராளா, எதுக்கு வாரான்னு கேட்டான். நான் விடுவேனா? அப்படி ஒரு பிள்ளையக் கண்ணால கண்டதே இல்லைன்னு ஒரே போடாப் போட்டுட்டேன்."

"ஐயோ பீவிம்மா!"

"என்ன ஐயோ? அவன் குடைஞ்சு குடைஞ்சு கேட்டா ஒன் வயித்துச் சேதி வாய் தவறி வந்துராதா? அதான், ஆளே தெரியாதுன்னுட்டேன். நம்ம சல்மானும் பக்கத்துலதான் நின்னான். ஆமா, யாரும் வரலைன்னு அவனும் சொல்லிட்டான்."

சல்மான் ஃபாரிஸ் பீவியின் மகன். துபாயிலிருந்து லீவில் வந்திருந்தான். கல்யாணம் ஆகாதவன். ஃபோன் வந்ததாகச் சொல்கிறது, வீடு வரவில்லை என்கிறது, நடுவில் ஒரு துபாய்க்காரப் பையன். இதை வைத்து அந்த மேப்பு என்ன கதை கட்டுவான் என்று யோசிக்கப் பெரிய மூளை வேண்டாம். "கெடுத்தியளே பீவிம்மா" என்று வாய்வரை வந்தது. அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல மனம் வராமல் விழுங்கிவிட்டாள்.

அஸீலா விழுங்கவில்லை. சாயங்காலம் கலெக்‌ஷன் ஒப்படைக்கிற இடத்தில் இசக்கியை மறித்துக்கொண்டாள்.

"ஏட்டி, ஒனக்கு ஒரு உதவின்னு எங்க பெரியம்மா வீட்டைக் காட்டிவிட்டேன் பாரு, என் புத்தியச் செருப்பால அடிக்கணும். இப்பக் கண்டவன் எல்லாம் வந்து வாசல்ல நின்னு விசாரிக்கான். தெருவே பாத்திருக்கு. வாப்பாவுக்குத் தெரிஞ்சா என்னைக் கொன்னு போட்டுருவாவ. ஒரு தடவை போறவ போயிட்டு வரணும். நாளுக்கு நாலு தடவை அங்கன என்ன ஒனக்கு?"

காரணத்தைச் சொல்ல முடியாது. சொல்ல முடியாத கோபத்தில் இசக்கியும் பதிலுக்குக் கத்தினாள். "போட்டி, ஒங்க வீட்டுக் கக்கூஸ் இல்லாட்டி நான் செத்துற மாட்டேன்!" அஸீலா அதற்குப் பிறகு அவளோடு பேசவில்லை. இசக்கி அந்த வீட்டுக்குப் போவதை நிறுத்தினாள். தண்ணீர் குடிப்பதையும் நிறுத்தினாள். இரண்டே நாளில் அடிவயிறு சுள்ளென்று வலிக்க ஆரம்பித்தது. வீட்டுக்குப் போய்ப் புருஷனிடம் சொல்லி அழுதாள். "இன்னும் ஒரு மாசம்தான், எப்படியாவது சமாளிச்சிரு" என்றான் அவன். அவன் சொல்லிவிட்டுத் தூங்கிப் போனான், சமாளிக்க வேண்டியவள் இவள்தானே.

சனிக்கிழமை தச்சநல்லூரில் மாதக் கூட்டம். ஹாலில் ஆணும் பெண்ணுமாகக் கூட்டம் நிறைந்திருந்தது. முன் வரிசையில் ஐயம்பெருமாள் அண்ணாச்சி, நெற்றி நிறையத் திருநீறும் முகம் நிறையச் சிரிப்புமாக உட்கார்ந்திருந்தார். எல்லோரும் கம்பெனி ஃபோனை மேசைமேல் எடுத்து வைக்க வேண்டும் என்பது கணேஷ்ராம் போட்ட சட்டம். வைத்தார்கள். அவன் சுவரில் படத்தைப் போட்டான். திருநெல்வேலி பூராவும் தெருத்தெருவாக விரிந்தது. அதன்மேல் ஒரு சிவப்புக் கோடு ஓடியது.

"இது இசக்கிச்செல்வியோட ரூட்" என்றான். "நல்லா பாருங்க. பேட்டையில ஒரு வீடு. அங்க நமக்கு கஸ்டமரே கிடையாது. ஆனா புள்ளி அங்க போய் நிக்குது. மொதல்ல நாளுக்கு ஒரு தடவை. இப்ப மூணு, நாலு. நான் நேர்லயே போய்க் கேட்டேன். அப்படி யாரும் வர்றதே இல்லைன்னு சாதிக்கிறாங்க. வீட்டுல ஒரு பையன் இருந்தான். துபாய்ல இருந்து லீவுக்கு வந்திருக்கானாம்."

அதோடு நிறுத்திக்கொண்டான். படுபாவி, அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. பின் வரிசையில் ஒருவன் இருமினான், இன்னொருவன் சிரிப்பை அடக்குவதுபோல் அடக்காமல் சிரித்தான். அஸீலா தலையைக் குனிந்து கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தாள். இசக்கிக்குக் காது இரண்டும் எரிந்தது.

"ஒண்ணுக்குப் போனேன் சார்" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"என்னது?"

"ஒண்ணுக்குப் போனேன். வழியில வேற இடம் கிடையாது. அவுங்க நல்லவுங்க, விட்டாங்க."

"அப்ப ஏன் யாரும் வரலைன்னு சொன்னாங்க?"

அதைச் சொன்னால் வயிற்றுச் சேதியும் வெளியே வரும், இசக்கி துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டாள். கணேஷ்ராமுக்குத் தெம்பு வந்துவிட்டது. சுவரில் படத்தை மாற்றினான். அவள் ஃபோன் வாங்கிய நாளிலிருந்து ஒவ்வொரு நாளும், தேதி தேதியாக, கட்டம் கட்டமாக வந்து நின்றது. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு சிவப்புக் கோடு.

"சரி, ஒண்ணுக்குன்னே வச்சுக்குவோம். முந்தி ஒரு தடவை போதும், இப்ப நாலு தடவை வேணுமா? நடுவுல என்ன மாறிச்சு? நீங்களே சொல்லுங்க. இது மெஷின், பொய் சொல்லாது. எல்லா நாளும் அங்க நின்னது நீங்கதான். இல்லைன்னு சொல்ல முடியுமா?"

அந்த ஹாலில் இருந்த பெண்கள் ஒவ்வொருத்திக்கும் என்ன மாறியது என்று அந்த நொடியே விளங்கிவிட்டது. இரண்டு பெற்றவள், மூன்று பெற்றவள், தங்காமல் போனவள், எல்லோரும் ஒருமாதிரி மூச்சை இழுத்தார்கள். அஸீலா விசுக்கென்று நிமிர்ந்து இசக்கியின் வயிற்றைப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்துப் போயிற்று. புரியாதவன் அந்தக் கேள்வியைக் கேட்டவன் ஒருவன்தான். பதிலுக்காகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

வாயை மூடினால் பேரும் போகும், வேலையும் போகும். வாயைத் திறந்தால் ரெஸ்ட். இரண்டிலும் ஆணை கிடையாது. மாமியார் கண்முன் வந்தாள். புருஷனின் கூடப்பிறந்த தம்பிக்கே சொல்லாத சேதி. அதை இந்த இருமல்காரன்கள் முன்னாலா சொல்வது? ஆனால் அந்தப் பையன் பேரைச் சேர்த்துவிட்டானே பாவி. சேதியைக் காப்பாற்றினால் பீவிம்மா வீட்டுக்கு அல்லவா கெட்ட பேர்! பொத்தி வைத்திருந்த வாய் அத்தோடு திறந்துகொண்டது.

"என்ன மாறிச்சுன்னு கேக்கீரா? சொல்லுதேன், கேளும். வயித்துல பிள்ளை இருக்கு. பிள்ளை இருந்தா அடிக்கடி வரும். ஒம்ம அம்மைக்கும் வந்திருக்கும், வீட்டுல போய்க் கேட்டுப் பாரும். அந்த அம்மா பொய் சொன்னது இதை மறைக்கத்தான். அடுத்தவ வயித்துச் சேதியக் கண்டவன்கிட்டச் சொல்லக் கூடாதுங்கிற மரியாதை தெரிஞ்ச மனுஷி அவ. ஒமக்கு அது கிடையாது."

பின் வரிசை இருமல் நின்றுபோயிற்று. இசக்கிக்குக் கண்ணீர் கொட்டியது. துக்கத்தில் வந்த கண்ணீர் இல்லை, அத்தனையும் ஆத்திரம்.

ஐயம்பெருமாள் அண்ணாச்சி எழுந்தார். சிரிப்பு கொஞ்சம்கூடக் குறையவில்லை.

"அடடே, நல்ல விஷயம்தானம்மா! இதுக்குப் போயா அழுவாக? கணேஷ்ராம் தம்பி சின்னப்பிள்ளை, தெரியாமக் கேட்டுட்டான். நீ ஒண்ணும் மனசுல வைக்காத. நாளையில இருந்து வெயில்ல அலைய வேண்டாம். வீட்டுல ரெஸ்ட் எடு."

"எனக்கு ரெஸ்ட் வேண்டாம் அண்ணாச்சி. பெறுத வரைக்கும் வேலை, பெத்த பொறவு பிரசவ லீவு. சட்டத்துல உண்டுல்லா?"

"அது வேலைக்கு வந்தவங்களுக்கும்மா" என்றார் அவர் பைய. "நீ பயிற்சிக்கு வந்த பிள்ளை. பயிற்சிக்கு வருகைப் பதிவேடு கிடையாது. இஷ்டம்னா வாரிய, இல்லைன்னா வரல. முந்தி ஒரு பிள்ளை லேபர் ஆபீசுக்குப் போச்சு. தினம் வேலைக்கு வந்ததுக்கு என்ன அத்தாட்சின்னு கேட்டாக. பாவம், அது என்னத்தக் காட்டும்? பஸ்சுக்குச் செலவழிச்சதுதான் மிச்சம். ஒனக்கு அந்த அலைச்சல் வேண்டாம்னு பெத்த தகப்பன் மாதிரி சொல்லுதேன்."

எவ்வளவு அன்பு! தேனில் தொட்டுத்தான் கழுத்தை அறுப்பார் மனுஷர். இசக்கி முகத்தைத் துடைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். அவர் தலைக்கு மேலே சுவரில் தேதி தேதியாக அந்தக் கட்டங்கள் அப்படியே நின்றன. திங்கள், செவ்வாய், புதன். ரத வீதி, பேட்டை, சுத்தமல்லி. மழை பெய்த நாளிலும் கோடு இருந்தது. கோயில் திருவிழாவுக்கு ஊரே அடைத்துக்கிடந்த நாளிலும் இருந்தது.

"அப்போ செவத்துல ஓடுறது யாரு அண்ணாச்சி?"

"எது?"

"அந்தச் செவப்புக் கோடு. நான் வேலைக்கு வரலைன்னா அது யாரு? எல்லா நாளும் நின்னது நீங்கதான், இல்லைன்னு சொல்ல முடியுமான்னு சார் இப்பத்தான கேட்டாரு? இத்தனை பேரு சாட்சி. நான் இல்லைன்னு சொல்லல அண்ணாச்சி. நான்தான். விடியுமுன்ன டவுண்ல நின்னது நான்தான். சுத்தமல்லி வரைக்கும் பெட்டியத் தூக்கிட்டுப் போனது நான்தான். ஒரு நாள் விட்டுருக்கேனா, பாத்துச் சொல்லுங்க."

ஐயம்பெருமாள் திரும்பிச் சுவரைப் பார்த்தார். முதல் தடவையாக அவர் முகத்திலிருந்து சிரிப்பு இறங்கியது.

"கணேஷ்ராம், அதை அணைலே."

தம்பி போய் லே வந்துவிட்டது. கணேஷ்ராம் பதறிப்போய்க் கம்ப்யூட்டரில் எதையோ தட்டினான். படம் போகவில்லை, இன்னும் பெரிதாக வந்தது. அதற்குள் டிக் என்று ஒரு சத்தம் கேட்டது. மறுபடியும் டிக். அஸீலா எழுந்து நின்று சுவரைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

கம்பெனி ஃபோனில் கேமராவை அவன்தான் அடைத்து வைத்திருந்தான். எப்படி எடுக்கிறாள் என்று அவனுக்கு விளங்கவில்லை. "ஏய், மீட்டிங்ல ஃபோட்டோ எடுக்கக் கூடாது! இப்பவே ஃபோனை லாக் பண்ணிருவேன்!" என்று கத்தினான்.

"பண்ணும்" என்றாள் அஸீலா. "இது எங்க வாப்பா வாங்கித் தந்தது. எங்க பெரியம்மா வீட்டைச் செவத்துல ஏத்தி நாறடிச்சிய. நல்லாத் தெளிவா இருக்கு, அதான் எடுக்கேன்."

ஒருத்தி கைப்பையைத் திறந்தாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி. ஐயம்பெருமாள் பாய்ந்து போய் சுவருக்கும் ஃபோன்களுக்கும் நடுவில் கையை விரித்துக்கொண்டு நின்றார். சிவப்புக் கோடு அவருடைய வெள்ளைச் சட்டையின் மேல் ஓடியது.

"தேதி தெரியற மாதிரி இன்னொண்ணு எடுட்டி" என்றாள் இசக்கி. பிறகு ஆரஞ்சு ஃபோனை மேசையிலேயே போட்டுவிட்டுக் கதவைப் பார்த்து நடந்தாள்.

"இந்தாம்மா, பேசிக்கிட்டு இருக்கும்போதே எங்க போறே?" என்றார் ஐயம்பெருமாள்.

"ஒண்ணுக்கு" என்றாள் ஹாலுக்கே கேட்கும்படி.